ஸ்டீவ் பிக்கோவை நினைவுகூர: நடத்தியவர்களும் போய்வந்தவர்களும் சொல்லும் விவரங்கள்

நூலக வட்டம்

செப்டம்பர் 12 ஸ்டீவ் பிக்கோவின் நினைவு நாள். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சியின் இனஒதுக்கலை எதிர்த்துக் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தை முன்னின்று நடத்தி, காவலில் இறந்தவர் அவர். அன்று கூட்டம் வைக்க நினைப்பவர்களுக்கும், தென்னாப்பிரிக்கா போகும்போது அவருடைய ஊரையும் பார்த்துவிட்டு வர நினைப்பவர்களுக்கும் உதவுகிற விவரங்களை இங்கே சேர்ப்போம். சொந்தக் கதை வேண்டாம். நீங்கள் கண்டதில் அடுத்தவருக்குப் பயன்படுவதை மட்டும் எழுதுங்கள்.

தொடக்கமாக, அழைப்பிதழில் வழக்கமாக வரும் பிழைகள்.

‘பைக்கோ’ என்று எழுதாதீர்கள், அந்த உச்சரிப்பு தவறு. ஒற்றைக் ககரம் போட்டு ‘பிகோ’ என்றால் நம் வாயில் மெலிந்து ஒலிக்கும். ‘பிக்கோ’ என்பதே மூலத்துக்கு நெருக்கம். முழுப்பெயர் பாண்டு ஸ்டீபன் பிக்கோ. ‘பாண்டு’ என்றால் மக்கள். தந்தை வைத்த அந்தப் பெயரைத்தான் இனஒதுக்கல் அரசு கறுப்பின மக்கள் எல்லோருக்கும் முத்திரையாகக் குத்தியது. அவர்களுக்கென்று தனியாக வகுத்த தாழ்ந்த கல்வித்திட்டத்துக்குப் ‘பாண்டுக் கல்வி’ என்றே பெயர். அதனால் முழுப்பெயரைப் போடும்போது அது அவருடைய சொந்தப் பெயர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிறந்தது 1946 டிசம்பர் 18, இறந்தது 1977 செப்டம்பர் 12. வருடத்தை மட்டும் கழித்து 31 என்று போட்டுவிடுகிறார்கள். இறக்கும்போது அவருக்கு வயது 30. ‘டாக்டர்’ என்ற அடைமொழியும் வேண்டாம். 1966இல் டர்பனில் நேட்டால் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் கறுப்பினப் பிரிவில் சேர்ந்தார்; 1972இல் படிப்பு முடியாமலே வெளியேற்றப்பட்டார். மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் கொடியை மேடையில் வைப்பதும் பிழை. 1969இல் உருவான தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பின் முதல் தலைவர் அவர். 1972இல் தொடங்கிய கறுப்பின மக்கள் பேரவை பின்னாளில் அவரைக் கௌரவத் தலைவராக்கியது. அவருடைய இயக்கம் தனியாக நின்ற இயக்கம்.

படம் தேடும்போதும் கவனம். அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக எடுத்தபோது அவராக நடித்தவரின் முகம்தான் தேடலில் முதலில் வந்து நிற்கிறது. அதையே பெரிதாக அச்சடித்து மாலை போட்ட கூட்டங்கள் உண்டு. சவப்பெட்டியில் கிடக்கும் படத்தையும் சுவரொட்டிக்கு எடுக்காதீர்கள். தன்மானத்தைக் கற்றுத்தந்த மனிதரை, உயிரோடு நிமிர்ந்து நிற்கும் படத்தில் காட்டுவதுதான் முறை.

கிழக்கு கேப் பயணி

ஊர்ப்பெயரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புத்தகங்களில் இருக்கும் கிங் வில்லியம்ஸ் டவுன் 2021 முதல் கொன்சே. போர்ட் எலிசபெத் அதே ஆண்டு கெபேர்ஹா ஆனது. அவரைக் கைது செய்த சாலை கிரகாம்ஸ்டவுன் அருகே. அந்த ஊர் 2018 முதல் மக்காண்டா. கொன்சே, கெபேர்ஹா இரண்டிலும் உள்ள, நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. உள்ளூரில் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி வழிகாட்டிச் செயலியில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவிலேயே உள்ள ஈஸ்ட் லண்டன் நகரின் விமான நிலையத்தில் இறங்குவது நல்லது. அங்கிருந்து கொன்சே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தின் முன்னால் நிற்கும் வெண்கலச் சிலையைப் பாருங்கள். அவர் இறந்து 20 ஆண்டு நிறைந்த நாளில், 1997 செப்டம்பர் 12 அன்று, நெல்சன் மண்டேலா திறந்துவைத்தது.

கொன்சேயில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் கின்ஸ்பெர்க் குடியிருப்பிலும் அதன் ஓரத்திலும் இருக்கின்றன. ஸ்டீவ் பிக்கோ மையம் 2012இல் திறந்தது. அங்கிருந்து தொடங்கி உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டால் மற்ற இடங்கள் எளிது. அவர் வளர்ந்த வீடு சின்னது. தந்தை 1950இலேயே இறந்துவிட, வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தும், பிறகு கிரே மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்தும் அம்மா பிள்ளைகளை வளர்த்தார். அந்த வாசலில் நிற்கும்போது அம்மாவின் பெயரையும் சொல்லுங்கள்: ஆலிஸ் நொகுசோலா.

கல்லறை இருக்கும் இடத்துக்கு இப்போது ஸ்டீவ் பிக்கோ நினைவுத் தோட்டம் என்று பெயர். மண்டபமும் கோபுரமும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அக்கம்பக்கத்து மக்களின் கல்லறைகளுக்கு நடுவே அவருடையதும் ஒன்று. மற்ற கல்லறைகளை மிதித்துக் குறுக்கே போகாமல் பாதை வழியே போக வேண்டும். வேறு குடும்பம் நின்றிருந்தால் கேமராவை இறக்கிவிட வேண்டும். ஞாயிறு காலையில் ஊர் தேவாலயத்தில் இருக்கும், யாரையும் பிடிக்க முடியாது. வார நாளே வசதி.

பலர் விட்டுவிடும் இடம் சின்யோக்கா. ஊரிலிருந்து 10 கிலோமீட்டர் அளவில்தான். அவர் நண்பர்களோடு சேர்ந்து திறந்த சனெம்பிலோ மருத்துவ நிலையம் அங்கேதான் இருக்கிறது. கல்லறைக்கு ஒதுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கை இங்கே ஒதுக்குங்கள் என்பேன். அவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிற இடம் இதுதான்.

கெபேர்ஹாவின் ஸ்ட்ராண்ட் தெருவில் உள்ள பழைய சன்லாம் கட்டடம் இன்னொரு 250 கிலோமீட்டர் தள்ளி. அதன் ஆறாவது மாடியில் 619ஆம் எண் அறையில்தான் விசாரணை என்ற பெயரில் அவரை அடித்தார்கள். மேலே போகலாம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பு மேசை

கூட்டத்தில் பேசுகிறவர்கள் அதிகம் வழுக்குவது ‘கறுப்பர்’ என்ற ஒரே சொல்லில்.

அந்நாளைய அரசு மக்களை வெள்ளையர், வெள்ளையரல்லாதோர் என்று பிரித்து எழுதியது. ஒருவரை ‘அல்லாதவர்’ என்று அழைத்தால் அவரிடம் எது இல்லையோ அதுவே அவருக்குப் பெயராகிவிடுகிறது. அந்தச் சொல்லை மாணவர் அமைப்பு 1970இல் கைவிட்டு, ‘கறுப்பர்’ என்று எழுதத் தொடங்கியது. யார் கறுப்பர் என்று வரையறையும் செய்தது. சட்டத்தாலோ வழக்கத்தாலோ அரசியல், பொருளாதார, சமூக நிலைகளில் ஒரு கூட்டமாக ஒடுக்கப்பட்டு, விடுதலைப் போராட்டத்தில் தங்களை ஒன்றாகக் கருதுகிறவர்கள். இரண்டு பகுதியும் சேர்ந்தால்தான் வரையறை முழுமை. முதல் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தினால் அது தோல் நிறத்துக்கு விளக்கமாகிவிடும். கறுப்பு நிறத்தோடு பிறந்து, ஒடுக்கும் காவல்துறையில் சீருடை போட்டுக்கொண்டவரைப் பிக்கோ இதில் சேர்க்கவில்லை.

இந்த வரையறைக்குள் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர் மூவரும் வந்தார்கள். நம் வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. டர்பன் வென்ட்வொர்த்தில் ஆலன் டெய்லர் விடுதியில் இந்த மூன்று சமூகத்து மாணவர்களும் சேர்ந்திருந்தார்கள். ஸ்ட்ரினி மூட்லி, சத்ஸ் கூப்பர் இருவரும் இயக்கத்தின் முன்வரிசைக்காரர்கள். மூட்லி என்பது நம் முதலியார்தான்; ஒப்பந்தக் கூலிகளின் காலத்தில் கப்பல் பதிவேட்டில் ஏறி அப்படி உருமாறிய பெயர். ஒருவர் ஊரைத் தாண்டவும் கூட்டமாகச் சந்திக்கவும் அவர் சொல்வதை அச்சிடவும் தடுப்பது தடையாணை. 1973இல் பிக்கோவுக்கு அதைப் போட்டபோது இந்த இருவருக்கும் சேர்த்தே போட்டார்கள். 1974 செப்டம்பர் 25 அன்று, மொசாம்பிக்கின் விடுதலையை வாழ்த்தி டர்பன் கரீஸ் பவுன்டன் மைதானத்தில் கூட்டிய பேரணிக்குப் பிறகு ஒன்பது பேர்மீது பயங்கரவாதச் சட்டத்தில் வழக்கு வந்தது. அதிலும் இருவரும் உண்டு. இருவரும் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். தமிழ்க் கூட்டத்தில் இவர்கள் பெயர் வராமல் போவது பெரிய குறை. அதே சமயம், இவர்களைக் கொண்டு பிக்கோவை ‘நம்மவர்’ ஆக்கப் பார்ப்பதும் தவறு. இவர்கள்தான் தங்களைக் கறுப்பர் என்று அறிவித்து அங்கே போய் நின்றவர்கள். பெருமை அந்தத் திசையில்தான் இருக்கிறது.

அந்த வழக்கில் 1976 மே மாதம் பிக்கோ குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புச் சாட்சியாக வந்தார். நீதிபதி பொஷாஃப் கேட்டார்: உங்கள் நிறம் கறுப்பைவிடப் பழுப்புதானே, பிறகு ஏன் கறுப்பர் என்கிறீர்கள்? வெள்ளையர் என்கிறவர்களும் வெள்ளையாக இல்லையே, இளஞ்சிவப்பும் மஞ்சளும் வெளிறலுமாகத்தானே இருக்கிறார்கள் என்ற பொருளில் பதில் வந்தது. இந்தப் பகுதியை இருவர் எதிரெதிரே நின்று வாசித்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். வாசிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: தடையாணை இருந்ததால் மூன்று ஆண்டுகளாக அவர் சொல்வது எதையும் பத்திரிகை அச்சிட முடியாது. நீதிமன்றத்தில் சொன்னதை அச்சிடலாம். ஆகவே அந்தக் கூண்டுதான் அவருக்குக் கிடைத்த மேடை.

ஆங்கிலத்தில் கறுப்பு என்ற சொல் கெட்டதோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதையும் அவர் பேசியிருக்கிறார். நமக்கும் கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை இருக்கின்றன. அழைப்பிதழில் ‘வரலாற்றின் கறுப்பு நாள்’ என்று எழுதிவிடாதீர்கள். இந்த ஒரு வரி கூட்டத்தின் நோக்கத்தையே கவிழ்த்துவிடும்.

நூலக வட்டம்

கடைசியாகச் சொன்னதில் ஒரு சந்தேகம் தோழர். 1977 அக்டோபர் 19ஐ அங்கேயே ‘கறுப்புப் புதன்’ என்றுதானே சொல்கிறார்கள்?

மொழிபெயர்ப்பு மேசை

ஆமாம், அது அங்கே நிலைத்துவிட்ட பெயர். இயக்கத்தின் அமைப்புகளையும் ‘த வேர்ல்ட்’ நாளிதழையும் ஒரே நாளில் தடை செய்த நாள் அது. மேற்கோளாக வந்தால் அப்படியே வைக்கலாம். நாமாக எழுதும்போது ‘தடை விழுந்த புதன்’ என்று போட்டால் செய்தியும் தெரியும், சொல்லும் உறுத்தாது.

மருத்துவக் கல்லூரி ஆசிரியை

மருத்துவ, செவிலியர் கல்லூரிகளில் இந்த நாளை வைப்பவர்கள் பொதுவாக ‘காவல்துறை அடித்துக் கொன்றது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த மாணவர்களுக்குத் தேவையானது அடிக்கும் சாவுக்கும் நடுவில் இருக்கிற ஐந்து, ஆறு நாள். அதைத் தேதிவாரியாகப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

1977 ஆகஸ்ட் 18: தோழர் பீட்டர் ஜோன்ஸுடன் காரில் திரும்பும்போது சாலைத் தடுப்பில் கைது. போர்ட் எலிசபெத்தின் வால்மர் காவல் நிலையத்தில் நிர்வாணமாக, விலங்கிட்டு அடைப்பு. செப்டம்பர் 6: 619ஆம் அறைக்கு அழைத்துப்போகிறார்கள். 7ஆம் தேதி காலை மாவட்ட மருத்துவர் ஐவோர் லாங் வருகிறார். பிக்கோவின் உதட்டில் காயம், நெஞ்செலும்பின் மேல் கன்றல், குழறும் பேச்சு, தடுமாறும் நடை, வீங்கிய கைகால். லாங் எழுதிக்கொடுத்த சான்றிதழில் குறை ஏதும் காணவில்லை என்று இருந்தது. 8ஆம் தேதி தலைமை மாவட்ட மருத்துவர் பெஞ்சமின் டக்கரும் சேர்ந்து பார்க்கிறார். போர்வை சிறுநீரில் நனைந்திருக்கிறது. உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கி விரிகிறது. மூன்றாம் ஆண்டு மாணவரும் சொல்லிவிடுவார், மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் இது. அடுத்து எடுத்த முதுகுத்தண்டு நீரில் சிவப்பணுக்கள் இருந்தன. அதற்குப் பிறகும் அவரைக் காவல் நிலையத்துக்கே அனுப்பினார்கள்.

11ஆம் தேதி சிறையறைத் தரையில், வாயில் நுரையோடு கிடந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டக்கர் சொன்னார். காவல் கர்னல் கூசன் உள்ளூர்ப் பொது மருத்துவமனைக்கு மறுத்தார். டக்கர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. லேண்ட் ரோவரின் பின்பக்கம் நிர்வாணமாகக் கிடத்தி, 1,000 கிலோமீட்டருக்கும் மேல், பிரிட்டோரியா சிறைக்கு ஓட்டிப்போனார்கள். மருத்துவக் குறிப்பு ஒரு தாள்கூட உடன் போகவில்லை. 12ஆம் தேதி இறந்தார். உண்ணாவிரதத்தால் இறந்தார் என்ற பேச்சை அரசு பரப்பியது. உடற்கூறாய்வு மூளைக்காயத்தைக் காட்டியது.

வகுப்பில் இங்கே நிறுத்தி, ஒவ்வொரு தேதிக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இன்று நீ எழுதும் சீட்டில் என்ன இருக்கும்? பொதுவாக ‘நான் எதிர்த்திருப்பேன்’ என்பார்கள். அதை ஏற்காமல் சீட்டை எழுதவே வைக்க வேண்டும். காயம் ஒவ்வொன்றின் இடம், அளவு, நிறம். எப்படி ஏற்பட்டது என்று நோயாளியிடம் தனியாகக் கேட்டது. அனுப்ப வேண்டிய மருத்துவமனை. யார் மறுத்தார், எத்தனை மணிக்கு. இந்த நான்கும் சீட்டில் இருந்தால் அது சாட்சி. லாங் எழுதிய சான்றிதழில் இதில் ஒன்றும் இல்லாததால் அது காவலர்களுக்குக் கேடயமாகிவிட்டது. கைதியின் சித்திரவதைக்கு மருத்துவர் எவ்விதத்திலும் துணைபோகக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975இலேயே டோக்கியோ பிரகடனத்தில் சொல்லியிருந்தது. விதி தெரியாமல் நடந்த தவறு என்று யாரும் சமாதானம் சொல்ல இடமில்லை.

பிந்தைய பகுதியையும் விடாதீர்கள். 1977 நவம்பரில் பிரிட்டோரியாவின் பழைய யூத ஆலயக் கட்டடத்தில் மரண விசாரணை நடந்தது. குடும்பத்துக்காக வழக்கறிஞர் சிட்னி கென்ட்ரிட்ஜ் குறுக்கு விசாரணை செய்தார். யாரும் பொறுப்பில்லை என்று டிசம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. மருத்துவக் கவுன்சிலும் நடவடிக்கை தேவையில்லை என்றது. பிரான்சிஸ் ஏம்ஸ், பிலிப் டோபியாஸ், யூசுஃப் வெரியாவா உள்ளிட்ட சில மருத்துவர்கள் விடவில்லை. தங்கள் தொழிலின் கவுன்சில்மீது தாங்களே வழக்குப் போட்டு 1985இல் வென்றார்கள். மறுவிசாரணையில் டக்கரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. லாங்குக்குக் கண்டனத்தோடு முடிந்தது. எட்டு ஆண்டுகள் பிடித்தன. மாணவர்கள் மனப்பாடமாக எடுத்துப்போக வேண்டிய பெயர்கள் அந்த வழக்குப் போட்டவர்களுடையவை என்று நினைக்கிறேன்.

பள்ளி ஆசிரியர்

மருத்துவக் கல்லூரி ஆசிரியை சொன்னது மேல்வகுப்புக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடியையும் சாவையும் முன்னால் வைக்க வேண்டாம். நடித்துக் காட்டுவதும் வேண்டாம். அடிப்பவர் வேடம் கிடைத்த பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிடும், அதோடு வகுப்பு போய்விடும். தடையாணையை எடுத்துக்கொள்ளுங்கள், அது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

செய்முறை இதுதான். வகுப்பின் மூலையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு ஒரு மாணவரை உள்ளே நிறுத்துங்கள். விதி மூன்று. கட்டத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் இருக்கலாம். இரண்டாமவர் வந்தால் முதலாமவர் விலக வேண்டும். அவர் சொன்னதை யாரும் எழுதவோ திருப்பிச் சொல்லவோ கூடாது. மற்றவர்களிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: உள்ளே இருப்பவரின் யோசனையைக் கேட்டு 15 நிமிடத்தில் ஊருக்கு ஒரு மருந்தகம் திட்டமிட வேண்டும். பெரும்பாலும் ஏழெட்டு நிமிடத்தில் குழம்பிப்போவார்கள். ஒருவரிடம் சொன்னது அடுத்தவரிடம் போய்ச்சேராது. அதற்குமேல் இழுக்காதீர்கள், நீண்டால் விளையாட்டாகிவிடும்.

குழம்பி நிற்கும் அந்த நொடியில் சனெம்பிலோவைச் சொல்ல வேண்டும். இதே விதிகளுக்குக் கீழே, கிங் வில்லியம்ஸ் டவுன் வட்டத்தைத் தாண்ட முடியாத ஒருவர், நண்பர்களோடு சேர்ந்து 1975 தொடக்கத்தில் ஒரு மருத்துவ நிலையத்தைத் திறந்தார். வெளிநோயாளர் பிரிவு, பிரசவம், கிராமங்களுக்குப் போகும் நடமாடும் மருத்துவம் எல்லாம் இருந்தன. தலைமை மருத்துவர் மாம்பேலா ராம்பேலே. ‘சனெம்பிலோ’ என்றால் நலம் கொண்டுவருவது. அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்காக ‘சிமேலே’ அறக்கட்டளையும் அதே ஆண்டில் வந்தது. அந்தச் சொல்லுக்குச் சொந்தக் காலில் நிற்பது என்று பொருள். நிஜ்வாக்சாவில் தோல் பொருள் செய்யும் பட்டறை, கின்ஸ்பெர்க் மாணவர்களுக்குக் கல்வி நிதி என்று பட்டியல் நீளும். அடிமைப்பட்ட மனம் நிமிர வேண்டும் என்று அவர் எழுதியதைப் பிள்ளைகளுக்கு விளக்கப் பெரிய சொற்கள் தேவைப்படாது. நம் ஊர் மருத்துவரை நாமே அமர்த்தி, நம் பெண்களின் பிரசவத்தை நாமே பார்த்துக்கொண்ட கட்டடம் இது என்று படத்தைக் காட்டினால் போதும்.

முழக்கம் வைப்பதானால் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். முன்னால் நிற்பவர் ‘அமாண்ட்லா’ என்பார், கூட்டம் ‘அவேத்து’ என்று திருப்பும். அதிகாரம், அது நம்முடையது என்று பொருள். பொருளைச் சொல்லாமல் கத்தவைத்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் ஓசை.

கிழக்கு கேப் பயணி

ஆசிரியர் சொன்னதோடு ஒன்று. 1977 அக்டோபர் தடையில் இந்த நிலையங்களின் சொத்தை அரசு பறித்துக்கொண்டது. சனெம்பிலோவைப் பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘பிறகு என்ன ஆயிற்று’ என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் இருக்காது.

இறுதி ஊர்வலத்தைச் சொல்கிறவர்களுக்கு: 1977 செப்டம்பர் 25, கிங் வில்லியம்ஸ் டவுன் விக்டோரியா மைதானம், ஏறத்தாழ 20,000 பேர், மாட்டுவண்டியில் சவப்பெட்டி, ஆயர் டெஸ்மண்ட் டுட்டுவின் உரை. சாலைகளில் காவல்துறை திருப்பி அனுப்பியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

நூலக வட்டம்

எல்லோர் குறிப்பையும் சேர்த்தால் 70 நிமிட நிகழ்ச்சி ஒன்று வருகிறது. பெயரும் வாழ்க்கையும் 10, கறுப்பர் வரையறையும் நீதிமன்ற வாசிப்பும் 20, தடையாணையும் சனெம்பிலோவும் 20, மருத்துவர்களும் வழக்கும் 15, முழக்கம் 5. நேரம் போதாவிட்டால் முதல் பத்தில் வெட்டுங்கள், சனெம்பிலோவில் வெட்ட வேண்டாம்.

காவலர்கள் ஐந்து பேர், இனஒதுக்கல் முடிந்தபின் அதன் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்ததும், 1999இல் அது மறுக்கப்பட்டதும், அதன் பிறகும் யார்மீதும் வழக்கு நடக்காததும் கடைசிப் பதினைந்தில் வர வேண்டும். செப்டம்பரில் மண்டபம் கிடைக்காதவர்கள் டிசம்பர் 18, பிறந்தநாளில் வையுங்கள். அன்று கேள்வி கேட்கக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம்.